பல்லு புடுங்கினப்புறம் வர்ற வலிக்கு லோ-லெவல் லேசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லு புடுங்குறது என்னோட தினப்படி வேலை. லேசர் மெஷினும் கையில இருக்கு, அதனால நாற்காலில உக்கார்ந்தவங்க, உக்காரப் போறவங்க, கூட வந்து பக்கத்துல நின்னு பார்த்தவங்கன்னு எல்லாரும் கேக்கற கேள்வியெல்லாம் ஒரே இடத்துல போட்டுடலாம்னு எழுதுறேன். சில கேள்விக்கு பதில் நீளமா போகும், சிலதுக்கு ரெண்டு வரிதான்.

இது என்ன லேசர்? ஈறை வெட்டுவாங்களே, அதுவா?

இல்ல. ஈறு வெட்டுற லேசர் வாட் கணக்குல ஓடும், 1 வாட், 2 வாட், அதுக்கு மேலயும் போகும், தொட்ட இடம் கருகும், புகை வரும், ஊசி போட்டு மரத்துப்போக வச்சுத்தான் பண்ணணும். இது மில்லிவாட் கணக்கு. பொதுவா 500 மில்லிவாட்டுக்குள்ளதான், நிறைய மெஷின் 100, 200லயே நிக்கும். வெட்டாது, சுடாது. வெறும் வெளிச்சத்தை திசுவுக்குள்ள அனுப்புற வேலை மட்டும்தான். இதை இப்போ ஆராய்ச்சிக்காரங்க ஃபோட்டோபயோமாடுலேஷன்னு கூப்பிடறாங்க, பேரு வாயில நுழையாததால கிளினிக்ல இன்னும் லோ-லெவல் லேசர், சாஃப்ட் லேசர், கோல்டு லேசர்னுதான் ஓடிட்டிருக்கு. எல்லாம் ஒண்ணுதான்.

ஒரே டயோடு மெஷினை ரெண்டு வேலைக்கும் வச்சுக்கறவங்களும் இருக்காங்க, முனையை மாத்தி, பவரைக் குறைச்சு, ஒளியை அகலமாக்கி வைப்பாங்க. அதனால "அன்னைக்கு ஈறு வெட்டின அதே மெஷினையே கொண்டுவந்துட்டாங்களே"ன்னு பயப்பட வேணாம், செட்டிங் வேற.

வைக்கும்போது வலிக்குமா, சுடுமா?

ஒண்ணுமே தெரியாது. அதான் இதுல பிரச்சனையே! ஒருத்தர் கண்ணாடி மாட்டிட்டு கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுட்டு அசையாம இருந்தாரு, மூணு இடத்துல வச்சு முடிச்சு முனையை வெளில எடுத்தப்புறம் "ஆரம்பிச்சாச்சா டாக்டர்?"ங்கறாரு. மெஷின் "பீப்"னு சத்தம் போடும், சிவப்பு புள்ளி ஒண்ணு தெரியும், அவ்ளோதான். லேசா வெதுவெதுப்பா இருக்குன்னு சிலர் சொல்வாங்க. சுருக்குன்னு சுட்டா உடனே கையைத் தூக்குங்க, பவர் ஜாஸ்தியா வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

வெறும் வெளிச்சம் எப்படிங்க வலியைக் குறைக்கும்? நம்பற மாதிரியே இல்லையே?

எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. விஷயம் என்னன்னா, சிவப்பு வெளிச்சமும் அதுக்கு அடுத்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் நம்ம திசுவுக்குள்ள மத்த நிறங்களை விட ஆழமா போகும். ராத்திரி டார்ச் லைட்டை உள்ளங்கைல அழுத்திப் பிடிச்சா விரல் இடுக்குல சிவப்பா மட்டும் தெரியுமே, அதே கதை, மத்த நிறத்தையெல்லாம் ரத்தமும் தோலும் நடுவுலயே முழுங்கிடும். பல்லுக்கு பெரும்பாலும் 660 நானோமீட்டர் அலைநீளத்துல சிவப்பு, இல்லன்னா 808, 810, 830 பக்கத்துல அகச்சிவப்பு வைப்பாங்க. ஆழமா போகணும்னா அகச்சிவப்பு.

உள்ள போன வெளிச்சத்தை, செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற இடமான மைட்டோகாண்ட்ரியால ஒரு புரதம் பிடிச்சுக்குதுங்கறதுதான் இப்போ நிறைய பேர் ஒத்துக்கற விளக்கம், அதோட பேரு சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ். அடிபட்ட செல்லுல இந்தப் புரதத்து மேல நைட்ரிக் ஆக்ஸைடு போய் ஒட்டிக்கிட்டு வேலையை மந்தமாக்கி வச்சிருக்கும், வெளிச்சம் பட்டா அது கழண்டுக்குது, செல்லு மறுபடி ஆக்ஸிஜனை இழுத்து ஏடிபி, அதாவது செல்லோட எரிபொருள், பண்ண ஆரம்பிக்குது, கழண்ட நைட்ரிக் ஆக்ஸைடு பக்கத்து ரத்தக் குழாயை விரிய வைக்குது. இதோட சேர்ந்து வீக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடற ப்ராஸ்டாகிளான்டின் மாதிரி ரசாயனங்கள் குறையுது, வலி கொண்டுபோற மெல்லிய நரம்போட வேகமும் கொஞ்ச நேரத்துக்கு மட்டுப்படுதுன்னு லேப்ல பார்த்திருக்காங்க. லேப்ல பார்த்தது எல்லாம் தாடைக்குள்ள அப்படியே நடக்கும்னு இல்ல, அதைக் கீழ சொல்றேன்.

யாரு கண்டுபிடிச்சா இதை?

ஹங்கேரில எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர், புடாபெஸ்ட்காரர். லேசரே 1960லதான் வந்துச்சு. அமெரிக்காவுல ஒருத்தர் ரூபி லேசரால விலங்குகளோட புத்துநோய்க் கட்டியைக் கரைச்சதா சொன்னதைப் பார்த்துட்டு இவரும் 1960கள் கடைசில எலிகளை வச்சு அதையே பண்ணிப் பார்த்தாரு. அவர்கிட்ட இருந்த லேசருக்கு அவ்ளோ வலு இல்ல, கட்டி ஒண்ணும் ஆகல. ஆனா லேசர் வைக்கறதுக்காக முடியை மழிச்சு விட்ட இடத்துல, வெளிச்சம் பட்ட எலிக்கு மட்டும் முடி சீக்கிரமா வளர்ந்திருக்கு. அங்கேருந்து அவர் ஆறாத புண்ணு பக்கம் திரும்பினாரு. வலு இல்லாத மெஷினால வந்த வைத்தியம்னு சொல்லலாம். இன்னைக்கும் பவரை ஏத்தினா நல்லதுன்னு நினைக்கறவங்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, நிஜமாவே வேலை செய்யுதா? நேரா சொல்லுங்க.

கொஞ்சம் செய்யுது. எல்லாருக்கும் இல்ல, எப்பவும் இல்ல, மாத்திரைக்கு பதிலா நிக்கற அளவுக்கும் இல்ல.

இதுல நடந்த ஆராய்ச்சில பெரும்பங்கு கீழ்த்தாடை ஞானப்பல்லை வச்சுத்தான், அதுவும் எலும்புக்குள்ள புதைஞ்சு கிடந்து ஆபரேஷன் பண்ணி எடுத்த பல்லு. ஏன்னா அங்கதான் வலி, வீக்கம், வாய் திறக்க முடியாம போறது மூணும் நிச்சயமா வரும், அளந்து பார்க்க வசதி. இன்னொரு சௌகரியம், ஒரே ஆளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பல்லு இருந்தா ஒரு பக்கம் நிஜ லேசர், இன்னொரு பக்கம் அணைச்சு வச்ச லேசர்னு வச்சுப் பார்க்கலாம், ஆளுக்கு ஆள் வலி தாங்கற அளவு மாறுதேங்கற தொந்தரவு குறையும்.

அந்த ஆய்வையெல்லாம் ஒண்ணா கூட்டிப் பார்த்தவங்க ஒரே குரல்ல பேசல. 2012ல வந்த ஒரு தொகுப்பு, வலிலயும் வீக்கத்துலயும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல, வாய் திறக்கறதுல மட்டும் ஓரளவு பலன் இருக்குன்னு முடிச்சுது. அதுக்கப்புறம் வந்த சில தொகுப்பு மூணுலயுமே பலன் தெரியுதுன்னு சொல்லுது, ஆனா கூடவே ஆய்வுகள் சின்னச் சின்னது, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாத மாதிரி நடத்தியிருக்காங்க, நம்பிக்கை கம்மின்னு ஒரு வால் ஒட்டியிருக்கும். என் அனுபவமும் இதுக்கு நெருக்கம்தான். வலி குறைஞ்சுதான்னு கேட்டா "குறைஞ்ச மாதிரிதான் இருக்கு"ங்கறாங்க. வாயைத் திறக்கச் சொன்னா மட்டும் பல பேர் எதிர்பார்த்ததை விட நல்லா திறக்கறாங்க.

வாய் திறக்கறதை நாங்க எப்படி பார்ப்போம்னா, மேல் முன்பல் ஓரத்துலேருந்து கீழ் முன்பல் ஓரம் வரைக்கும் ஸ்கேல் வச்சு அளப்போம். சாதாரணமா பெரியவங்களுக்கு 40 மில்லிமீட்டர் பக்கம் வரும், வீட்ல பார்க்கணும்னா உங்க சொந்த மூணு விரலை செங்குத்தா அடுக்கி உள்ள விட்டுப் பாருங்க. ஞானப்பல் ஆபரேஷன் ஆன ரெண்டாம் நாள் ஒரு விரல்தான் போகும், பயந்துடாதீங்க, மெல்லுற தசை இறுகிக்கிட்டிருக்கு, நாள் ஆக ஆக தளரும். அந்தத் தசை மேல, கன்னத்துக்கு வெளிலேருந்து அகச்சிவப்பு வைக்கறதுதான் இந்த லேசரோட நல்ல உபயோகம்னு எனக்குத் தோணுது.

அப்போ இது சும்மா மனசு சமாதானத்துக்குத்தானா?

அதுவும் கொஞ்சம் இருக்கும். பளபளன்னு ஒரு மெஷின், கருப்புக் கண்ணாடி, "பீப்" சத்தம், டாக்டர் பத்து நிமிஷம் கூடவே நிக்கறாரு, இதுக்கே பாதி வலி போயிடும். அதனாலதான் நல்ல ஆய்வுல பொய் லேசரும் அதே சத்தம் போடணும், அதே சிவப்புப் புள்ளி தெரியணும்னு பார்த்துப் பண்ணுவாங்க. அப்படிப் பண்ணதுலயும் சிலதுல நிஜ லேசர் ஜெயிச்சிருக்கு, சிலதுல ரெண்டும் சமம்.

ஆனா வெளிச்சத்துக்கு உடம்புல வேலையே இல்லன்னு சொல்லிடவும் முடியாது. புத்துநோய்க்கு கீமோ, ரேடியேஷன் எடுக்கறவங்களுக்கு வாய் முழுக்க புண்ணாகுமே, அது வராம தடுக்க குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு இதே வைத்தியத்தை சர்வதேச வழிகாட்டுதல்லயே பரிந்துரை பண்ணியிருக்காங்க. அங்க சான்று கெட்டி. பல்லு புடுங்கின வலில சான்று இன்னும் அந்த இடத்துக்கு வரல.

ஒரு ஆய்வு ஆமாங்குது, இன்னொண்ணு இல்லைங்குது. ஏன் இப்படி?

டோஸ். மாத்திரைன்னா 400 மில்லிகிராம்னு ஒரு நம்பர்ல முடிஞ்சுடும். இங்க எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட், எத்தனை செகண்டு, எத்தனை இடத்துல, முனை எவ்ளோ அகலம், திசுவைத் தொட்டு வச்சாங்களா தள்ளி வச்சாங்களா, உள்ளயா வெளிலயா, எத்தனை நாள்னு இவ்ளோ இருக்கு. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கணக்குல வச்சுட்டு எல்லாரும் "லேசர் வச்சோம்"னு எழுதினா முடிவு எப்படி ஒத்துப்போகும்?

அந்தக் கணக்கை கொஞ்சம் சொல்லுங்களேன்.

சுலபம்தான், பயப்படாதீங்க. வாட்டையும் செகண்டையும் பெருக்கினா ஜூல். 100 மில்லிவாட்னா 0.1 வாட், அதை ஒரு இடத்துல 40 செகண்டு வச்சா 4 ஜூல். அந்த 4 ஜூல் எவ்ளோ பரப்புல விழுதுங்கறது அடுத்த கணக்கு: முனை 1 சதுர சென்டிமீட்டர்னா சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல், முனை அதுல பாதின்னா 8 ஜூல். அதே மெஷின், அதே நேரம், முனையை மாத்தினதுக்கே டோஸ் ரெண்டு மடங்கு. வாய்க்குள்ள பொதுவா மூணு இடம், குழிக்கு கன்னத்துப் பக்கம், நாக்குப் பக்கம், நேர் மேல. ஒவ்வொண்ணுலயும் அரை நிமிஷத்துலேருந்து ஒரு நிமிஷம். அப்புறம் வெளில கன்னத்துல ஒண்ணு ரெண்டு இடம். மொத்தமே அஞ்சு பத்து நிமிஷ வேலை.

இன்னொரு சங்கதி, யாரும் பெருசா பேசாதது. மெஷின் டிஸ்ப்ளேல 100னு காட்டுறதாலேயே முனைலேருந்து 100 வருதுன்னு நம்பக்கூடாது. நானே ஒரு காலத்துல மாசக்கணக்கா "என்னடா இது பலனே தெரியலையே"ன்னு புலம்பிட்டிருந்தேன், கடைசில பவர் மீட்டர் வாங்கி முனைக்கு நேரா பிடிச்சா காட்டினதுல பாதி கூட வரல. முனைல கண்ணாடி கீறல் விழுந்து மங்கிப்போயிருந்துச்சு. அத்தனை நாளும் எல்லாருக்கும் பாதி டோஸ்தான் வச்சிருக்கேன், இதை இங்க ஒத்துக்கறதுல வெட்கம் இல்ல, அன்னைலேருந்து மீட்டர் வச்சுப் பார்க்காம விடறதில்ல.

அப்போ ஜாஸ்தி நேரம் வச்சா சீக்கிரம் குறையுமா?

குறையாது, கெடும். செடிக்கு தண்ணி ஊத்துற மாதிரி: கம்மியா ஊத்தினா வாடும், அளவா ஊத்தினா தழைக்கும், கொட்டினா வேர் அழுகும். இந்த வைத்தியத்துல அளவா போனா செல்லு சுறுசுறுப்பாகுது, அளவு மீறினா அந்தப் பலன் காணாமப்போகுது, இன்னும் ஏத்தினா செல்லோட வேலையையே மந்தமாக்கிடுது. "எனக்கு ரெண்டு தடவை சேர்த்து வச்சுடுங்க டாக்டர், தூரத்துலேருந்து வர்றேன்"னு கேக்கறவங்க உண்டு, ஆசை புரியுது, ஆனா நடக்காது.

எப்போ வைக்கணும்? எத்தனை தடவை?

பல்லு எடுத்து, தையல் போட வேண்டியிருந்தா போட்டு, ரத்தம் நின்ன உடனே அதே நாற்காலில முதல் தடவை. அதுதான் முக்கியம். வீக்கம் 2, 3 நாள்ல உச்சிக்கு போகும், அதுக்கு முன்னாடி 24, 48 மணி நேரத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை வைக்கறவங்க இருக்காங்க. பல்லு எடுத்து அஞ்சு நாள் கழிச்சு வந்து "இப்போ லேசர் வைங்க"ன்னா எதுக்குன்னு நான் முதல்ல கேப்பேன், ஏன்னா அஞ்சாம் நாள் வலி நல்லா குறைஞ்சிருக்கணும், குறையலன்னா அது வேற பிரச்சனையா இருக்கலாம்.

சாதாரணமா ஆடிட்டிருந்த பல்லு, சட்டுன்னு வந்துடுச்சு. அதுக்கும் வேணுமா?

வேணாம். ஒரு மாத்திரைல போற வலிக்கு மெஷின் எதுக்கு.

லேசர் வச்சாச்சு, வலி மாத்திரையை விட்டுடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க. பல்லு புடுங்கின வலிக்கு இதுவரைக்கும் நல்லா நிரூபணமான மருந்து ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையும் பாராசிட்டமாலும்தான், தனியாவோ ரெண்டும் சேர்த்தோ. ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமாலும் சேர்ந்தா பல ஸ்ட்ராங்கான மாத்திரையை விட நல்லா கேக்கும். அமெரிக்க பல் மருத்துவ சங்கம் ஆதரிச்சு 2024ல வந்த வழிகாட்டுதலும் பல்லு எடுத்த வலிக்கு இதைத்தான் முதல்ல வைக்குது, ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மாத்திரைக்கு தாவாதீங்கன்னு சொல்லுது.

நேரம் முக்கியம். கீழ்த்தாடைக்கு போடற ஊசியோட மரமரப்பு உதட்டுல சுமார் 3லேருந்து 5 மணி நேரம் நிக்கும். மரமரப்பு இருக்கும்போது "வலியே இல்லையே, லேசர் சூப்பரா வேலை செய்யுது"ன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவாங்க, சாயங்காலம் உதடு குறுகுறுக்க ஆரம்பிச்சு அரை மணில தாடையே வெடிக்கற மாதிரி ஆகும், அப்போ போன் வரும். பாராட்டு ஊசிக்குப் போக வேண்டியது, லேசருக்கு இல்ல. அதனால மரமரப்பு முழுசா விடறதுக்கு முன்னாடியே முதல் மாத்திரையைப் போட்டுடணும், முதல் ரெண்டு நாள் வலி வந்தா பார்த்துக்கலாம்னு இல்லாம மணி பார்த்துப் போடணும்.

குடல் புண், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா, ரத்தம் இளக வைக்கற மாத்திரை, கர்ப்பம் இதுல ஏதாவது இருந்தா ஐபுப்ரோஃபென் நீங்களா போடாதீங்க, டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. இந்த மாதிரி மாத்திரை ஒத்துக்காதவங்களுக்கு லேசரை நான் கொஞ்சம் ஆர்வமாவே வைப்பேன், அவங்களுக்கு கையில இருக்கற வழி குறைச்சல் இல்லையா.

ட்ரை சாக்கெட் வராம தடுக்குமா?

இதுக்கு முன்னாடி ட்ரை சாக்கெட்னா என்னன்னு சொல்லிடறேன். பல்லு எடுத்த குழில ரத்தம் உறைஞ்சு கட்டி நிக்கும், அதுதான் கீழ இருக்கற எலும்புக்கு மூடி. அந்த மூடி கரைஞ்சோ கழண்டோ போச்சுன்னா எலும்பு வெறுமனே நிக்கும். முதல் நாள் பரவாயில்லாம இருந்து, ரெண்டு மூணு நாள் கழிச்சு திடீர்னு வலி ஏறும், காது வரைக்கும் இழுக்கும், வாயில ஒரு கெட்ட வாடை, மாத்திரைக்கு மசியவே மசியாது. சாதாரண பல்லுல நூத்துல சில பேருக்குத்தான், கீழ் ஞானப்பல்லுல அதை விட நிறைய பேருக்கு. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஜாஸ்தி, கருத்தடை மாத்திரை எடுக்கறவங்களுக்கும் கொஞ்சம் ஜாஸ்தி.

தடுக்கறதுல நல்ல சான்று இருக்கறது குளோர்ஹெக்ஸிடின்ங்கற கிருமி கொல்ற மருந்துக்கு, அதை வாய் கொப்பளிக்கவோ ஜெல்லா குழில வைக்கவோ டாக்டர் சொல்வாரு. லேசர் தடுக்கும்னு உறுதியா சொல்ற அளவுக்கு சான்று இல்ல. வந்துட்டா? குழியைக் கழுவி மருந்து வைக்கணும், அதுலயே பெரும்பாலானவங்களுக்கு கொஞ்ச நேரத்துல முகம் தெளிஞ்சுடும். கழுவினப்புறம் லேசரும் வைக்கலாம், சின்ன ஆய்வுகள்ல பலன் காட்டியிருக்கு. கழுவாம லேசர் மட்டும் வச்சு அனுப்பினா சாப்பாட்டுத் துணுக்கு மேல வெளிச்சம் அடிச்ச கதைதான்.

குழில உறைஞ்ச அந்த ரத்தக் கட்டியைக் காப்பாத்தறது உங்க கையிலதான் இருக்கு. பஞ்சை அரை மணி, முக்கா மணி நேரம் அழுத்திக் கடிங்க, சும்மா சும்மா எடுத்து ரத்தம் நின்னுச்சான்னு பார்க்காதீங்க. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீங்க, துப்பாதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க, சிகரெட் தொடவே தொடாதீங்க. நாக்கை விட்டு குழியைத் துழாவறது இருக்கே, அதை நிறுத்தச் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க!

ஞானப்பல் எடுத்து மூணு வாரம் ஆச்சு, கீழ் உதடு இன்னும் மரத்துப்போயிருக்கு. லேசர் உதவுமா?

இது வலி இல்ல, நரம்பு விஷயம். கீழ்த்தாடை எலும்புக்குள்ள ஓடற நரம்பு பல்லு எடுக்கும்போது நசுங்கியிருக்கலாம். பெரும்பாலும் வாரக்கணக்குல, மாசக்கணக்குல தானா திரும்பும். இதுக்கு லேசர் வைக்கறாங்க, உணர்ச்சி திரும்பறதுல பலன் இருக்குன்னு சில ஆய்வும் இருக்கு, பல தடவை வைக்க வேண்டி வரும். ஆனா முதல்ல எடுத்த டாக்டர்கிட்டயே போய் காட்டுங்க, எந்த இடம் வரைக்கும் மரமரப்புன்னு அவர் குறிச்சு வைக்கணும், எக்ஸ்ரேயோ ஸ்கேனோ தேவைப்படலாம். நரம்பு அறுந்திருந்தா சீக்கிரம் ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும், லேசர் வச்சுக்கிட்டே அந்த நாளை ஓட்டிடக்கூடாது.

கண்ணாடி எதுக்கு? வாய்க்குள்ளதானே வைக்கறாங்க?

வாய்க்குள்ள வைக்கறதுக்கு முன்னாடி அந்த முனை உங்க முகத்தைத் தாண்டித்தான் வரணும். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால கண்ணு கூசாது, இமை தானா மூடாது, லேசர் நேரா விழித்திரைல போய் குவியும், பட்டதே தெரியாம பாதிப்பு வந்துடும். நீங்க, டாக்டர், உதவியாளர், கூட நிக்கற அம்மா, எல்லாருக்கும் கண்ணாடி. சாதாரண கூலிங் கிளாஸ் உதவாது, அந்த அலைநீளத்துக்குன்னு போட்ட கண்ணாடி வேணும், அதுல நம்பர் எழுதியிருக்கும். நோயாளிக்கு மட்டும் மாட்டிட்டு தான் மாட்டாம வைக்கற டாக்டரைப் பார்த்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே கேளுங்க.

யாருக்கு வைக்கக்கூடாது?

வைக்கற இடத்துல புத்துநோய் இருந்தாலோ, இருக்குமோன்னு சந்தேகம் இருந்தாலோ கூடாது. ரொம்ப நாளா ஆறாத புண்ணு, காரணம் தெரியாத தடிப்பு பக்கத்துல இருந்தா முதல்ல அதை டெஸ்ட் பண்ணணும். வெளிச்சம் பட்டா அலர்ஜி கிளப்புற மருந்து எடுக்கறவங்க மருந்துச் சீட்டைக் காட்டணும். கழுத்துல தைராய்டு மேல வைக்கறதைத் தவிர்ப்பாங்க. வலிப்பு உள்ளவங்ககிட்ட, விட்டு விட்டு மின்னுற மோடு வேணாம்னு எச்சரிக்கையா இருப்போம்.

பேஸ்மேக்கர் இருக்கு, பரவாயில்லையா? கர்ப்பமா இருக்கறவங்களுக்கு?

வெளிச்சம் பேஸ்மேக்கரை ஒண்ணும் பண்ணாது, ஆனாலும் இருக்குன்னு சொல்லிடுங்க, ஏன்னா பல்லு எடுக்கறதுக்கே அந்த விவரம் வேணும். கர்ப்பத்துல வயித்து மேல நேரா வைக்கக்கூடாதுங்கறதுதான் வழக்கமான எச்சரிக்கை. வாயில வைக்கற வெளிச்சம் அவ்ளோ தூரம் போகாது, இருந்தாலும் அவசியம் இல்லாததை தள்ளிப்போடறதுல தப்பில்ல, எந்த மாத்திரை போடலாம்ங்கறதை பிரசவ டாக்டரையும் கேட்டுக்கங்க.

வீட்ல சிவப்பு லைட் மெஷின் இருக்கு, அதை கன்னத்துல வச்சுக்கலாமா?

பெரும்பாலும் அது எல்ஈடி, முகப் பளபளப்புக்கு பண்ணது. தத்துவம் ஒண்ணுதான், எல்ஈடியாலயும் பலன் வரும்னு காட்டின ஆய்வெல்லாம் உண்டு, ஆனா அந்த மெஷின்லேருந்து எவ்ளோ வெளிச்சம் கன்னத்தைத் தாண்டி எலும்பு வரைக்கும் போகுதுன்னு யாரும் அளந்து வைக்கல. அடர்த்தியான தாடி, கருத்த தோல், ரெண்டும் வழியிலயே கொஞ்சம் வெளிச்சத்தை எடுத்துக்கும், அதை நாங்க கணக்குல சேர்ப்போம், வீட்டு மெஷின் சேர்க்காது. லேசர் பாயின்டர் வச்சு வாய்க்குள்ள அடிக்கற வேலையெல்லாம் தயவுசெஞ்சு வேணாம். கண்ணு போயிடும்.

ஐஸ் ஒத்தடமா, லேசரா?

ஐஸ். முதல் நாள் கன்னத்துல துணி சுத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் வச்சு, கொஞ்சம் விட்டு, மறுபடி. லேசர் வச்சாலும் ஐஸ் வைக்கலாம், ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்ல.

கிளினிக்ல லேசர் பேக்கேஜ்னு தனியா காசு கேக்கறாங்க. என்ன கேட்டுத் தெரிஞ்சுக்கறது?

புதைஞ்ச ஞானப்பல் ஆபரேஷனா, சாதாரணமா எடுக்கறதான்னு முதல்ல பாருங்க, ரெண்டாவதுன்னா நன்றி சொல்லிட்டு வேணாம்னு சொல்லிடலாம். ஆபரேஷன்னா, எத்தனை நானோமீட்டர், ஒரு இடத்துக்கு எத்தனை ஜூல், எத்தனை தடவைன்னு கேளுங்க. உங்களுக்கு நம்பர் புரியணும்னு இல்ல, அவங்க தயங்காம சொல்றாங்களான்னு பார்க்கத்தான். "அதெல்லாம் மெஷினே பார்த்துக்கும்"னு பதில் வந்தா யோசிங்க. லேசர் வச்சா வலியே இருக்காது, மாத்திரையே வேணாம்னு யாராவது சொன்னா யோசிக்கவே வேணாம், எழுந்துடுங்க. காசு பத்தலன்னா இதை விட்டுடறதுல எந்தக் குறையும் இல்ல, குழி ஆறாம நின்னுடாது.

லேசரும் வச்சாச்சு, மாத்திரையும் போட்டாச்சு, ஆனாலும் வலி. எப்போ திரும்பப் போகணும்?

முதல் நாள் ராத்திரிதான் உச்சம், ரெண்டாம் நாள்லேருந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது குறையணும். குறைஞ்சுட்டு வந்த வலி மூணாம் நாள் மறுபடி ஏறினா அன்னைக்கே போய் குழியைக் காட்டுங்க. ரத்தம் பஞ்சைக் கடிச்சு ஒரு மணி நேரம் ஆகியும் நிக்கலன்னாலும் போகணும். காய்ச்சல், சீழ், வீக்கம் மூணு நாளைக்கப்புறமும் பெருசாகறது இதுக்கெல்லாம் லேசர் பதில் இல்ல. எச்சில் முழுங்க முடியல, மூச்சு விட சிரமமா இருக்கு, நாக்குக்கு அடில இல்ல கழுத்துல வீக்கம் இறங்குதுன்னா பல் கிளினிக் திறக்கற வரைக்கும் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.